போஸ்டரின் கீழ்ப்பாதி

மேற்கு மாம்பலம், சென்னை - 33
12.6.1995

அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஜவஹர் எழுதுவது. இங்கே வெயில் ஒன்றைத் தவிர எங்களுக்கு வேறு குறையில்லை. அங்கே நீங்களும் என் தங்கை சீதாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உப்பளத்தில் வேலை அதிகமான சமயம், உங்கள் இடுப்பு வலியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி உட்கார்ந்து படியுங்கள். கிடைத்துவிட்டது! 'பனிமலைக் காவல்' பட போஸ்டர், 1964-ம் வருஷத்து அசல் அச்சு, என் வீட்டு மேஜைமேல் இருக்கிறது. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவனுக்கு யுத்தப்பட போஸ்டர் எதற்கு என்று இத்தனை வருஷமாகக் கேலி செய்தவர்களெல்லாம் இப்போது வரிசையில் வந்து பார்க்கலாம். பழைய பேப்பர் கடைக்காரர் காலையிலேயே வாசலில் நின்றார். "சார், மலை, துப்பாக்கின்னு கேட்டுக்கினு இருந்தியே, அது வந்துகீது. ஆனா மேல்பாதிதான் கீது, இன்னா பண்ணட்டும்?" என்றார். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

சீதாவுக்கும் படித்துக் காட்டுங்கள், அவளுக்காகத்தான் விவரமாக எழுதுகிறேன். பெரிய போஸ்டரை அந்தக் காலத்தில் இரண்டு தாளாக அச்சடித்து, சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவார்கள். என்னிடம் இருப்பது மேல்தாள். பனிமலை, படத்தின் பெயர், இடுப்புவரை கதாநாயகன், அவன் கையில் துப்பாக்கி. தாளின் கீழ் விளிம்பில் இன்னொரு கை, மணிக்கட்டுவரைதான் தெரிகிறது. வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்கிறது. அதன் சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருக்கிறது. கடை ஷட்டரில் நசுங்கிய அப்பாவின் சுண்டுவிரல், மாப்பிள்ளை! எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்வேன்.

சினிமா கம்பெனிக்கு சீருடைத் துணி கொடுக்கப் போன அப்பாவை வேஷம் கட்டி நிறுத்திவிட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் அப்போது ஊரில் ஹாஸ்டலில் இருந்தேன். லீவுக்கு வருவதற்குள் படம் தியேட்டரை விட்டே போய்விட்டது, வீட்டில் வேறு யாரையும் அப்பா கூட்டிப்போகவும் இல்லை. இன்று ஒரு பிரிண்ட்கூட இல்லை. "என்ன வேஷம்ப்பா?" என்று கேட்டதற்கு, "போஸ்டர்லயே இருக்கேம்லே" என்றார். நம் பட்டாளத்துச் சிப்பாய்தான் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். பெரிய மனிதர்கள் தங்களைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

குடியரசு தினத்தன்று மயிலாப்பூரில் யுத்தப்பட போஸ்டர் கண்காட்சி வைக்கிறோம். ஆடிட்டர் அனந்தராமன் ஏற்பாடு. அங்கே நடுச்சுவரில் அப்பா நிற்கவேண்டும். அதற்குக் கீழ்த்தாள் வேண்டும். அப்பா போன பிறகு உங்களுக்கும் இந்தப் போஸ்டர் பைத்தியம் பிடித்தது நல்லதாகப் போயிற்று. தென்மாவட்டத்துப் பட விநியோகஸ்தர்கள் குடோன் எல்லாம் உங்களுக்குப் பழக்கம். தேடுங்கள்.

உங்கள்
ஜவஹர்


தூத்துக்குடி
2.7.1995

மதிப்பிற்குரிய மச்சானுக்கு பாலகணேஷ் வணக்கம். இங்கே இருவரும் நலம். இடுப்பு அதன் போக்கில் இருக்கிறது. உங்கள் சர்க்கரை அளவைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை என்று சீதா குறைப்படுகிறாள்.

மேல்தாள் கிடைத்ததற்கு வாழ்த்துகள். பொறாமையோடுதான் சொல்கிறேன். இருந்தாலும் என் நீர்மூழ்கிக் கப்பல் போஸ்டருக்கு முன்னால் உங்கள் பனிமலை கொஞ்சம் உருகத்தான் செய்யும். அது மறுபதிப்பு என்று போன தடவை வந்தபோது மூக்கைச் சுளித்தீர்கள். அசல் தாளில்தான் வரும் மை வெடிப்பை மடிப்புக்கோட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபின் பேச்சை மாற்றினீர்கள். அதை நான் இன்னும் மறக்கவில்லை!

கீழ்த்தாள் விஷயம். கிடைப்பது கஷ்டம், மச்சான். சுவரில் ஒட்டினால் கீழ்த்தாளைத்தான் மாடு முதலில் தின்னும். மேல்தாளே தனியாக அழகாகத்தான் இருக்கும். அதை மட்டும் சட்டம் போட்டு மாட்டுங்களேன்.

உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம்.

பாலகணேஷ்


சென்னை
20.7.1995

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, எல்லோரும் நலம். சர்க்கரை இருக்கிறது, அல்வாவும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் நான் இருக்கிறேன் என்று சீதாவிடம் சொல்லுங்கள்.

மேல்தாளை மட்டும் மாட்டுவதா? என்ன பேச்சு இது! அனந்தராமனிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மனிதர் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். "பேஷ், அச்சு அசல்தான். ஆனா ஓய், பாதியை வெச்சுண்டு இது எங்கப்பான்னு சொன்னா நாளைக்கு நாலு பேர் சிரிப்பா. எங்காத்துல கூட ஒரு கை படம் இருக்கு, அதை எங்க தாத்தான்னு சொல்லிக்கட்டுமா?" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"கீழ்த்தாளோடு வருகிறேன் சார், அப்போது சிரியுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அழைப்பிதழும் அச்சுக்குப் போய்விட்டது. 'பனிமலைக் காவல் படத்தில் கொடியேற்றும் வீரராகத் தோன்றிய ஜவுளி வணிகர் அமரர் சுடலைமுத்து அவர்களின் நினைவாக' என்று முதல் பக்கத்தில் போடச் சொன்னேன். உயர்ந்த கை கொடி ஏற்றாமல் வேறென்ன செய்யும்? பெற்ற பிள்ளைக்கு ஜவஹர் என்று பெயர் வைத்த மனிதர், மாப்பிள்ளை. தேசம் என்றால் அவருக்கு உயிர்.

இனி என் மானம் உங்கள் கையில்.

ஜவஹர்


தூத்துக்குடி
5.9.1995

மச்சானுக்கு வணக்கம். பதில் தாமதமானதற்குப் பொறுத்துக்கொள்ளவும். இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உப்பு ஏற்றும் வேலை தலைக்குமேல் இருந்தது. வீட்டு ஃபோனும் சரியில்லை, நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டதாக சீதா சொன்னாள்.

கீழ்த்தாள் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஒரு யோசனை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அழைப்பிதழில் மாமா பெயர் இல்லாமல் இருந்தால் என்ன? அவர் தன்னைப் பற்றிப் பேசமாட்டார் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். கண்காட்சிக்கு என் நீர்மூழ்கிக் கப்பலை அனுப்புகிறேன், அதை நடுச்சுவரில் மாட்டுங்கள். விமானப்படை போஸ்டரையும் தருகிறேன். இரண்டையும் நீங்களே வைத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

பாலகணேஷ்


சென்னை
18.9.1995

அன்புத் தங்கை சீதாவுக்கு அண்ணன் ஆசீர்வாதம். இது உனக்கு மட்டும். கடையிலிருந்து ஃபோன் பேசினால் பாதிக் கடை காது கொடுக்கும், அதனால் எழுதுகிறேன். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் கொதிக்கிறது.

உன் வீட்டுக்காரர் ஆசை ஆசையாய்ச் சேர்த்த இரண்டு போஸ்டரை எனக்குத் தூக்கிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். போஸ்டர் சேர்ப்பவன் கிட்னியைக் கொடுத்தாலும் கொடுப்பான், நீர்மூழ்கிக் கப்பலைக் கொடுக்கமாட்டான். எனக்கு அப்போதே பொறி தட்டியது. மதுரையில் பட விநியோக ஆபீஸில் இருந்த வைரவனுக்கு ஃபோன் போட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "என்னங்க புதுசா கேக்குறீங்க? அந்தக் கீழ்த்தாளை உங்க மாப்பிள்ளை சித்திரை மாசமே வாங்கிட்டுப் போயிட்டாரே! வருசக்கணக்கா அது ஒண்ணைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தாரு."

அதாவது, எனக்கு மேல்தாள் கிடைப்பதற்கு முன்பே கீழ்த்தாள் உன் வீட்டுக்கு வந்துவிட்டது. என் அப்பாவைப் பீரோவுக்குள் வைத்துக்கொண்டு, மாடு தின்றிருக்கும் என்று எனக்குக் கதை எழுதுகிறார். போட்டி இருக்கவேண்டியதுதான், சீதா. நானும் அவரும் போஸ்டருக்காக எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் இது நம் அப்பா.

நான் அவரிடம் கேட்கமாட்டேன். பெண் கொடுத்த வீட்டுக்காரன் கையேந்தக்கூடாது. நீ கேள்.

அண்ணன்
ஜவஹர்


தூத்துக்குடி
1.10.1995

அன்புள்ள அண்ணனுக்கு சீதா எழுதுவது. நான் நலம். இவர் நலமா என்று கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை.

நான் கேட்டேன். முதலில் கரையான் அரித்துவிட்டது என்றார். அரித்ததையாவது காட்டுங்கள் என்றேன். எழுந்து உப்பளத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் மழை, வேலையே கிடையாது, அந்த மழையில் போய் நின்றுவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் எந்தப் பீரோவும் பூட்டியது கிடையாது. போஸ்டர் பீரோவை மட்டும் இப்போது பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்.

வயசான காலத்தில் காகிதத்துக்காக இரண்டு ஆம்பிளைகள் இப்படியா? எனக்கு எரிச்சலாக வருகிறது. ஆனால் ஒன்று சொல்வேன். இவர் கருமி இல்லை, அண்ணன். வேறு என்னவோ இருக்கிறது. அவசரப்பட்டு எதையும் எழுதிவிடாதீர்கள். தீபாவளிக்கு வாருங்கள், நேரில் பேசிக்கொள்ளலாம்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

சீதா


சென்னை
12.10.1995

திரு. பாலகணேஷ் அவர்களுக்கு,

நலம். நலமாக இருக்கவும்.

வைரவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை. என் தகப்பனார் நோயில் விழுந்தபோது அவருக்குப் பணிவிடை செய்தவர் நீங்கள். அந்த ஒரு நன்றிக்காக இதை மரியாதையாக எழுதுகிறேன். அந்தத் தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டி, இது என் மாமனார், இவருடைய பிள்ளைக்கு இதைக் கொடுக்க மனசு வரவில்லை என்று வருகிறவர்களிடம் சொல்லுங்கள்.

அழைப்பிதழில் ஒரு எழுத்தும் மாறாது. மேல்தாளை மட்டும் மாட்டி, அந்தக் கையைக் காட்டி, இதுதான் என் அப்பா என்று சபையில் சொல்வேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சுடலைமுத்து மகன் யாருக்கும் பயந்தவன் இல்லை.

தீபாவளிச் சீர் வந்து சேரும். அது என் தங்கைக்கு. நான் வரமாட்டேன்.

ஜவஹர்


தூத்துக்குடி
20.11.1995

அன்புள்ள அண்ணனுக்கு, சேலை வந்தது. நல்ல நிறம். தீபாவளியன்று கட்டிக்கொண்டு அழுதேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன், தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை இவர் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குளிக்கும்போது கழற்றி வைத்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்துவிட்டேன். கீழ்த்தாளை விரித்துப் பார்த்தேன். குளித்துவிட்டு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதில் அப்பா இருக்கிறார். அதே கை, அதே விரல். ஆனால் கொடி இல்லை, அண்ணன். அப்பா நம் பக்கத்துச் சிப்பாய் இல்லை. எதிரிப்படைச் சிப்பாய். குண்டு பாய்ந்து, கையைத் தூக்கிக்கொண்டு பனியில் சரிகிறார். கதாநாயகன் சுடுவது அப்பாவைத்தான்.

அப்பா இங்கே ஆஸ்பத்திரியில் இருந்தபோது இவரிடம் மட்டும் சொன்னாராம். "மாப்ள, நான் அதுல எதிரியாட்டு வந்து செத்து விழுறவன். அந்தச் சீருடையைப் போட ஒருத்தனும் வரல. அப்பதான் சண்டை முடிஞ்ச நேரம்லா, இதைப் போட்டுக்கிட்டு போஸ்டர்ல வந்தா தெருவுல அடிப்பானுவன்னு அத்தன பேரும் கழத்தி எறிஞ்சிட்டானுவ. படம் நின்னுபோவும்னு அந்த டைரக்டர் புள்ள அழுதான். துணி நம்ம துணிதானே, நானே போட்டுக்கிடுதேன்னு போட்டேன். ஜவஹர் நான் நம்ம சிப்பாய்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கான். அந்தத் தாளு அவன் கண்ணுல பட்டா பய ஒடைஞ்சிருவான். பாத்துக்கிடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இவர் போஸ்டர் சேர்க்க ஆரம்பித்ததே அதற்காகத்தான். நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் தான் கண்டுபிடித்துவிடவேண்டும் என்று. "அப்படியானால் கிடைத்த அன்றே கிழித்துப் போட்டிருக்கலாமே, இத்தனை பேச்சு கேட்டிருக்க வேண்டாமே?" என்று கேட்டேன். "எப்படி சீதா கிழிக்க? ஒரிஜினல்லா" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தாளை உங்களுக்கு அனுப்புகிறேன். இவருக்குத் தெரியாமல் இல்லை. முதலில் வேண்டாம் என்றார். அப்பாவுக்கு இவர் வாக்குக் கொடுத்திருக்கலாம், நான் கொடுக்கவில்லை என்றேன். எழுந்து போய் ஒரு அட்டைக் குழாயைத் தேடி எடுத்து வந்தார். அப்புறம், "மடிக்காதே, சுருட்டி குழாயில் வை" என்று மட்டும் சொன்னார்.

இனி உங்கள் இஷ்டம். அப்பாவை மாட்டினாலும் சரி, சுருட்டி வைத்தாலும் சரி. ஆனால் இவரை ஒரு சொல் சொல்லக்கூடாது.

சீதா


தூத்துக்குடி
28.12.1995

மச்சானுக்கு வணக்கம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இது. ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. ஃபோனில் அக்காதான் பேசுகிறார், நீங்கள் கடையில் இருப்பதாகவே எப்போதும் சொல்கிறார்.

மாமா என்னை நம்பிச் சொன்னதைக் காப்பாற்ற முடியவில்லை. அது எனக்கு வருத்தம். உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. தாளை என்ன செய்தாலும் சரி, சொல்லுங்கள். கண்காட்சிக்கு இப்போதும் நீர்மூழ்கிக் கப்பல் தயாராக இருக்கிறது.

பாலகணேஷ்


சென்னை
28.1.1996

என் அன்புள்ள மாப்பிள்ளைக்கு ஜவஹர் எழுதுவது. எல்லோரும் சுகமாக இருக்கிறோம், உங்கள் புண்ணியத்தில்.

குழாய் வந்தது. சீதாவின் கடிதத்தை முதலில் படித்தேன், அதனால் குழாயைத் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எனக்கு வெட்கமாக இருந்தது, மாப்பிள்ளை. அப்பாவை நினைத்து வெட்கப்பட்டேன் என்பதுதான் உண்மை. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, அச்சடித்த அழைப்பிதழ் கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகும் கை எழவில்லை. உடம்பு சரியில்லை என்று அனந்தராமனுக்குச் சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் கடைக்கு விடுமுறை. தனியாகப் போய்க் கடைக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, இரண்டு தாளையும் சேர்த்து வைத்தேன். விளிம்பும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. அப்புறம்தான் அப்பாவைப் பார்த்தேன். நீங்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பீர்கள், நான் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சுற்றிலும் நம் பக்கத்துச் சிப்பாய்கள் ஆறேழு பேர் செத்துக் கிடக்கிறார்கள். ஒருத்தன் கேமராவைப் பார்க்கிறான். ஒருத்தன் சிரிப்பை அடக்குகிறான். உயிரோடு இருக்கிற நம் வீரர்கள் எல்லோரும் கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாதிரி மார்பை விறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்பா ஒருவர்தான் விழுகிறார். தொப்பி நழுவி, வாய் திறந்து, நிஜமாகவே உயிர் போகிற மாதிரி விழுகிறார். பெற்ற பிள்ளை நான், கை நீட்டிவிட்டேன். போய்ப் பிடிக்கலாம் போல இருந்தது.

தெருவில் அடி விழும் என்று மற்றவர்கள் கழற்றி எறிந்த சீருடை. கடை வைத்திருக்கிற மனிதர், நாளைக்கு அதே தெருவில் வியாபாரம் செய்யவேண்டியவர், ஒரு ஆள் அழுகிறான் என்று அதை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் சொல்லித் திரிந்த கொடியேற்றும் வீரரைவிட இவர் எத்தனை பெரியவர்! இவரைப் போய்க் கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தேன்.

கண்காட்சி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டமான கூட்டம். மயிலாப்பூர் மாமாக்கள், கடைவீதி ஆட்கள், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு மூன்று பேர். நடுச்சுவரில் இரண்டு தாளும் ஒன்றாக இருந்தன. அனந்தராமன் மைக்கைப் பிடித்து, கொடியேற்றும் வீரரை இப்போது நண்பர் ஜவஹர் காட்டுவார் என்றார். போய் நின்றேன். "அழைப்பிதழில் இருப்பது தப்பு, அச்சகத்தின் தப்பு இல்லை, என் தப்பு" என்று ஆரம்பித்து, விழுகிறவர்தான் என் அப்பா என்று விரலை வைத்துக் காட்டினேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. அந்தச் சீருடையை யாரும் போடாமல் கிடந்த கதையை முழுதாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அனந்தராமன் கிட்டே வந்து கண்ணாடியை மாற்றிப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இப்படி விழறதுக்கு தைரியம் வேணும் ஓய். எல்லாரும் ஜெயிக்கறதுக்குன்னா வந்து நிக்கறா" என்றார். அந்த மனிதர் என்னிடம் கிண்டல் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

உங்களைத் திருடன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பது எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். அதனால் கேட்கவில்லை. போஸ்டருக்குக் கீழே 'சேகரித்தவர்கள்' என்று அட்டை வைத்து, உங்கள் பெயரை என் பெயருக்கு மேலே எழுதினேன். அதையே மன்னிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தாளும் இனிப் பிரியக்கூடாது. சித்திரை விடுமுறைக்கு நானே கொண்டுவந்து உங்கள் கூடத்தில் மாட்டுகிறேன். அப்பா கடைசியாக நம்பின ஆள் வீட்டில் இருக்கட்டும். நீர்மூழ்கிக் கப்பல் அசல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கூட்டம் கலைகிற சமயம் கல்லூரிப் பெண் ஒருத்தி நோட்டுடன் வந்தாள். மேல்தாளில் துப்பாக்கியோடு நிற்கிற நடிகரை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரியப்போகிறது? "சார், இந்தப் படத்துல ஹீரோ யாரு?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, மாப்பிள்ளை. கீழ்த்தாளைக் காட்டி, அப்பா பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவளும் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

இப்படிக்கு,
சுடலைமுத்துவின் மகன்
ஜவஹர்